சரி என்று சொல்வது யார்?

கல்லூரியில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறவள் நான். ரியல் அனாலிசிஸும் அல்ஜீப்ராவும் என் பாடங்கள். அட்மிஷன் நேரத்தில் பிள்ளையுடன் வரும் பெற்றோர் முன்பெல்லாம் "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று மட்டும்தான் கேட்பார்கள். இப்போது கூடவே இன்னொரு கேள்வியும் வருகிறது. "எல்லாம் ஆப்லயே இருக்காமே மேடம், அதுல படிச்சா போதாதா?" ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்பினால் நேர் எதிரான பேச்சு. "போனைக் கையில எடுத்தான்னா கணக்கு போச்சு" என்பார் மூத்த ஆசிரியர் ஒருவர். இரண்டு பக்கமும் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். வகுப்பில் இரண்டையும் பல ஆண்டுகளாகக் கையாண்டு பார்த்தவள் என்ற முறையில் நான் கண்டதை எழுதுகிறேன்.

பிளஸ் டூ வரை கணக்கு என்றால் விடை காண்பது. தொகையிடு, தீர், மதிப்பு காண் என்று கேள்வி வரும். போட்டுவிட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டினால் விடை இருக்கும். கல்லூரிக்கு வந்த கொஞ்ச நாளில் கேள்வியின் வினைச்சொல்லே மாறிவிடுகிறது. "நிறுவுக" என்கிறது கேள்வித்தாள். விடை கேள்வியிலேயே இருக்கிறது, காரணத்தைத்தான் கேட்கிறார்கள். தான் எழுதிய காரணம் சரிதானா என்று பார்க்க எந்தப் பின்பக்கமும் கிடையாது. எழுதியவரே தன் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி, இது முந்தைய வரியிலிருந்து வருகிறதா என்று கேட்டு, வருகிறது என்று தானே தீர்ப்புச் சொல்ல வேண்டும். உயர்கணிதம் என்று நான் சொல்வது இந்தத் திறனைத்தான். ஆப் ஆனாலும் விளையாட்டு ஆனாலும் புத்தகம் ஆனாலும் எனக்கு அளவுகோல் ஒன்றே: இது தீர்ப்புச் சொல்லும் வேலையை மாணவர் கையில் கொடுக்கிறதா, அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறதா?

பழைய முறை இரண்டு

பழைய முறையைப் புகழ்கிறவர்கள் எந்தப் பழைய முறையைச் சொல்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். நம் கல்லூரிகளில் தேற்றத்துக்குப் பெயர் "புக் ஒர்க்", கணக்குக்குப் பெயர் "பிராப்ளம்". கடந்த சில வருடக் கேள்வித்தாள்களைப் புரட்டி, எந்த புக் ஒர்க் திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்துக்கொண்டு, அதை வரி பிசகாமல் மனப்பாடம் செய்வது பெரும்பாலான மாணவர்களின் வழி. போல்சானோ-வையர்ஸ்ட்ராஸ் தேற்றத்தை மூச்சுவிடாமல் எழுதி முழு மார்க் வாங்கிய மாணவியிடம், "வரம்புக்குட்பட்டதுங்கிற நிபந்தனையை எடுத்துட்டா என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன். பதில் இல்லை. 1, 2, 3, 4 என்று போய்க்கொண்டே இருக்கும் எண்வரிசையை நினைத்தாலே போதும்; அதிலிருந்து எந்தத் துணைவரிசையை எடுத்தாலும் அது எங்கும் குவியாது. அந்த மாணவிக்கு அறிவுக் குறைவு ஒன்றும் கிடையாது. நோட்டில் இருப்பது சரி, அதை அப்படியே எழுதினால் சரி என்று அவளுக்குப் பழக்கியிருந்தார்கள். அங்கே தீர்ப்புச் சொல்வது நோட்டு.

நம்மிடம் இன்னொரு பழைய முறையும் உண்டு. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கோடை முகாம் அதற்கு நல்ல சான்று. நாட்டின் பல மூலைகளிலிருந்து வரும் கல்லூரி மாணவர்களை நான்கு வாரம் உட்காரவைத்து, கரும்பலகையையும் கேள்வியையும் மட்டும் வைத்துக்கொண்டு நடத்துகிறார்கள். ஆசிரியர் தேற்றத்தை எழுதிவிட்டுப் போவதில்லை. ஒரு உதாரணம் சொல்லு, இந்த நிபந்தனை எதற்கு, இது உண்மையென்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அங்கே போய்வந்த மாணவர்கள் திரும்பி வந்து என் வகுப்பில் உட்காரும்போது வித்தியாசம் முதல் நாளே தெரியும். நான் போர்டில் எழுதும் வரியை இறக்கிக்கொள்வதற்கு முன் அதைச் சந்தேகிப்பார்கள். கையில் அவர்களுக்கு ஆப் எதுவும் இருந்ததில்லை.

ஆக, ஆப் எதிர் புத்தகம் என்று பிரிப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. மனப்பாட நோட்டும், படம் பிடித்தால் விடை கக்கும் ஆப்பும் ஒரே பக்கம். கேள்வி கேட்கும் ஆசிரியரும், நல்ல விளையாட்டும் மறுபக்கம். நல்ல விளையாட்டு என்றால் என்ன என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு வட்டம், ஒரு கோடு

என் வகுப்பில் பாதிப் பேர் தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள். கணம், சார்பு, அணி என்று பள்ளியில் பழகியதெல்லாம் ஒரே நாளில் செட், ஃபங்ஷன், மேட்ரிக்ஸ் ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரு வரையறையை வாசித்து முடிப்பதற்குள் நம்பிக்கை போய்விடுகிறது. இவர்களுக்காகத்தான் முதன்முதலில் யூக்ளிடியா என்ற வடிவியல் விளையாட்டை வகுப்புக்குக் கொண்டுவந்தேன். அதில் வாசிக்க அநேகமாக ஒன்றுமே இல்லை. கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் உண்டு. ஒரு படம் தருவார்கள், ஒன்றை வரையச் சொல்வார்கள்.

முதல் புதிர்களில் ஒன்று 60 பாகைக் கோணம். ஒரு கதிர் இருக்கிறது. அதன் முனையை மையமாக வைத்து, கதிரில் உள்ள ஒரு புள்ளி வழியே ஒரு வட்டம். அந்தப் புள்ளியை மையமாக வைத்து, முனை வழியே இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டும் இடத்தையும் முனையையும் சேர்த்து ஒரு கோடு. இரண்டு வட்டம், ஒரு கோடு, முடிந்தது. யூக்ளிடின் நூலில் முதல் முன்மொழிவான சமபக்க முக்கோணம் இதற்குள்தான் இருக்கிறது. வரைந்தால் மட்டும் போதாது, குறைந்த படிகளில் வரைந்தால்தான் முழு நட்சத்திரம். மையக்குத்துக்கோடு வரையக் கற்ற பிறகு அது ஒரு கருவியாகக் கைக்கு வந்துவிடும். அடுத்த புதிரில் ஒரே தொடலில் பயன்படுத்தலாம்.

இந்த ஏற்பாட்டைப் பார்த்து நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். கணிதக் கோட்பாடு வளரும் விதமே இதுதானே. நிறுவியது கருவியாகும், கருவியைக் கொண்டு அடுத்ததை நிறுவலாம். லெம்மா எதற்கு, தேற்றம் எதற்கு, கிளைத்தேற்றம் எதற்கு என்று நான் வாயால் சொல்லிப் புரியவைக்கப் பாடுபட்டதை, ஆட்டம் கையால் செய்யவைத்துவிட்டது. பின் பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பையன், மூன்று படியில் முடித்துவிட்டுப் பக்கத்துப் பையனின் நான்கு படியைப் பார்த்து, "ஒரு வட்டம் வெட்டிடா, அது சும்மா நிக்குது" என்றான். நிரூபணத்தில் வேலை செய்யாத வரி எது என்று பார்க்கும் கண் அது. ஆங்கிலம் வராததால் மறைந்து கிடந்த கண்.

அவனிடமே அடுத்து கேட்டேன்: "அது 60 பாகைதான்னு எப்படிப்பா சொல்ற?"

"ஆப்ல நட்சத்திரம் வந்துச்சே மேடம்."

என் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. போனைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். முதல் வட்டத்தின் ஆரம் எது? இரண்டாவதன் ஆரம்? இரண்டும் ஒரே கோட்டுத்துண்டு. வெட்டும் புள்ளி இரண்டு வட்டத்திலும் இருக்கிறது. அப்படியானால் முக்கோணத்தின் மூன்று பக்கமும் சமம். பக்கம் சமமென்றால் கோணமும் சமம், மொத்தம் 180, ஆக ஒவ்வொன்றும் 60. அவனே சொல்லி அவனே எழுதினான். நட்சத்திரம் இல்லாவிட்டாலும் அது 60தான் என்று அப்போது அவனுக்குத் தெரிந்தது.

வெல்ல முடியாத ஆட்டம்

விளையாட்டுக்கு ஒரு இயல்பான எல்லை உண்டு. வெல்லக்கூடிய புதிரைத்தான் அது தரும். எத்தனை கடினமான கட்டமானாலும் வழி ஒன்று இருக்கிறது என்ற உறுதிமொழியோடுதான் திறக்கும். கணிதத்தில் அப்படி எந்த உறுதிமொழியும் இல்லை. அதன் பெரிய வெற்றிகள் பலவும் "முடியாது" என்று நிறுவியவை. எந்தக் கோணத்தையும் கவராயமும் நேர்விளிம்பும் கொண்டு மூன்று சம பாகமாக்க முடியுமா என்று 2000 ஆண்டுகளுக்கு மேல் தேடினார்கள். முடியாது என்று 1837இல் பியர் வான்ட்ஸெல் நிறுவினார். இப்போது வரைந்தோமே, அந்த 60 பாகையையே அப்படி மூன்றாகப் பிரிக்க முடியாது. அந்தப் புதிரை ஒரு ஆப் தந்தால், அதை ஆடுகிறவர் ஆயுள் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கலாம். முடியாது என்பதை ஆடித் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆட்டத்தை விட்டு வெளியே வந்து, ஆட்டத்தின் விதிகளையே ஆராய வேண்டும்.

இதை வகுப்பில் காட்ட எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கருவி 15 புதிர். நான்குக்கு நான்கு கட்டத்தில் 1 முதல் 15 வரை வில்லைகள், ஒரு கட்டம் காலி. தள்ளித் தள்ளி வரிசையாக்க வேண்டும். போனில் இலவசமாக எத்தனையோ வடிவங்களில் கிடைக்கிறது. ஆட்டத்தில் கை பழகிய பிறகு, அட்டையில் வெட்டிய ஒரு செட்டைக் கொடுக்கிறேன். எல்லாம் வரிசையில் இருக்கும்; 14உம் 15உம் மட்டும் இடம் மாறியிருக்கும். காலிக் கட்டம் வலது கீழ் மூலையில். சரி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். அடுத்த வகுப்பில் களைத்துப்போய் வருவார்கள். "மேடம், இதுல ஏதோ தப்பு இருக்கு" என்று ஒருத்தி சொன்னதும், "ஏதோ இல்லம்மா, என்ன தப்புன்னு சொல்லணும்" என்பேன். அங்கிருந்து பாடம்.

ஒவ்வொரு நகர்த்தலும் காலிக் கட்டத்தையும் ஒரு வில்லையையும் இடம் மாற்றுகிறது. பலகைக்குச் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளை அடியுங்கள். ஒவ்வொரு நகர்த்தலிலும் காலிக் கட்டம் நிறம் மாறும். அது தொடங்கிய மூலைக்கே திரும்ப வேண்டுமென்றால் நகர்த்தல்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும். நமக்கு வேண்டியதோ 14ஐயும் 15ஐயும் ஒரே ஒரு முறை இடம் மாற்றுவது, அதாவது ஒற்றைப்படை. இரட்டைப்படை மாற்றங்களால் ஒற்றைப்படை மாற்றத்தின் பலனைப் பெற முடியுமா? முடியாது என்று கைதட்டத் தயாராகும்போது, நல்ல வகுப்பென்றால் ஒரு குரல் எழும்: "ஒரே வரிசைமாற்றம் ரெண்டு வகையாவும் வரக்கூடாதுன்னு என்ன நிச்சயம் மேடம்?" அந்தக் கேள்விதான் முழுப் பாடமும். பெரிய எண் சிறிய எண்ணுக்கு முன்னால் நிற்கும் ஜோடிகளை எண்ணுங்கள். அடுத்தடுத்து நிற்கும் இரண்டை மாற்றினால் அந்த எண்ணிக்கை சரியாக ஒன்று கூடும் அல்லது குறையும். தள்ளி நிற்கும் இரண்டை மாற்றுவது, அப்படிப்பட்ட அடுத்தடுத்த மாற்றங்களை ஒற்றைப்படை முறை செய்வதற்குச் சமம். எனவே ஒவ்வொரு இடமாற்றமும் அந்த எண்ணிக்கையை ஒற்றையிலிருந்து இரட்டைக்கும் இரட்டையிலிருந்து ஒற்றைக்கும் புரட்டுகிறது. ஒரு வரிசைக்கு ஒரு எண்ணிக்கைதான் உண்டு. அது இரண்டுமாக இருக்க முடியாது. முடிந்தது.

ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் 1879இல் அமெரிக்கக் கணித இதழில் இந்தப் புதிரை அலசி எழுதினார்கள். 16 கட்டங்களில் மொத்தம் சாத்தியமான அமைப்புகளில் சரிபாதி, அதாவது 10,46,139 கோடிக்கும் மேற்பட்டவை, தள்ளி அடையக்கூடியவை. மறுபாதி ஒருபோதும் அடைய முடியாதவை. போனில் புதிரைக் கலைத்துத் தரும் நிரல் எழுதுகிறவர் கண்டபடி கலைத்தால், பாதி நேரம் தீராத புதிர்தான் திரையில் வரும். அதைத் தவிர்க்க அவருக்கு இந்தத் தேற்றம் தெரிந்திருக்க வேண்டும். ஆடுகிறவருக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. மாணவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: "நீங்க ஆடுறவங்களா மட்டும் இருந்தா போதாது. அந்த ஆட்டத்தை உருவாக்குறவங்களா ஆகத்தான் இங்க வந்திருக்கீங்க."

திரையில் தெரியாதது

பள்ளிப் பாடநூல்களிலேயே இப்போது க்யூஆர் கோடு இருக்கிறது. இணையச் செயல்பாடு என்ற தலைப்பில் ஜியோஜீப்ரா பக்கங்கள் திறக்கின்றன. ஆஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் உருவாக்கத் தொடங்கிய அந்த மென்பொருள் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளை கைக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரு வளைவரையின் தொடுகோடு நகர்வதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு வகைக்கெழு வெறும் சூத்திரமாக இருக்காது. ஆனால் ரியல் அனாலிசிஸ் பிறந்ததே கண்ணை நம்பமுடியாத இடத்தில்தான்.

1, அதோடு இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போனால் எங்காவது நிற்குமா? போனில் கூட்டிப் பார்க்கச் சொல்வேன். 100 உறுப்புக்கு 5.187. 1000 உறுப்புக்கு 7.485. 10 லட்சம் உறுப்பு கூட்டினாலும் 14.39தான். படம் வரைந்தால் கோடு படுத்துவிட்டது போலத் தெரியும். "நின்னுடும் மேடம்" என்று வகுப்பு ஒரே குரலில் சொல்லும். 20ஐத் தாண்டவே 27 கோடிக்கு மேல் உறுப்புகள் வேண்டும். எந்த மாணவரும் அவ்வளவு தூரம் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. ஆனால் 14ஆம் நூற்றாண்டில் நிக்கோல் ஒரேஸ்ம் எந்தக் கருவியும் இல்லாமல் இது நிற்காது என்று காட்டிவிட்டார். மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த நான்கு உறுப்புகள் சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே. அரை, அரையாக முடிவில்லாமல் கூடிக்கொண்டே போகும். இரண்டு வரி. 10 லட்சம் உறுப்பைக் கூட்டிய திரை தவறான பக்கம் சாய்த்ததை அந்த இரண்டு வரி நேர் செய்கிறது. இந்த இரண்டையும் ஒரே பீரியடில் அடுத்தடுத்துப் பார்த்த மாணவர் நிரூபணம் எதற்கு என்று அப்புறம் கேட்பதில்லை.

தொடர்ச்சிக்கான எப்சிலான்-டெல்டா வரையறைக்கோ திரையே இல்லாத ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். இருவர் இருவராக உட்கார வேண்டும். சார்பு, எண்ணின் வர்க்கம், புள்ளி 2. ஒருவர் எப்சிலான் கொடுப்பார்: "விடை 4லேர்ந்து 0.1க்குள்ள இருக்கணும்." மற்றவர் டெல்டா கொடுக்க வேண்டும்: எண் 2லிருந்து எவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் அது நடக்கும்? 0.02 என்றால் போதும், 2.02இன் வர்க்கம் 4.0804. எதிராளி 0.01 என்று இறுக்குவார், 0.002 என்று பதில் வரும். கொஞ்ச நேரத்தில் டெல்டா கொடுப்பவருக்குச் சூட்சுமம் பிடிபடும்: "நீ எதைக் கொடுத்தாலும் அஞ்சால வகுத்துச் சொல்லிடுவேன், போ." அப்போது கெட்டிக்கார எதிராளி 100 என்பார். ஐந்தால் வகுத்தால் 20. ஆனால் 22இன் வர்க்கம் 484, நான்கிலிருந்து 480 தூரம். உத்தி உடைந்தது. ஏன் உடைந்தது என்று இருவரும் சேர்ந்து தேடுவார்கள். எண் 1க்கும் 3க்கும் நடுவில் இருக்கும்வரைதான் ஐந்து என்ற எண் செல்லும் என்று கண்டுபிடிப்பார்கள். "அஞ்சால வகு, ஆனா ஒன்னைத் தாண்டாதே." பாடநூலில் மர்மமாக வந்து நிற்கும் அந்த வரியை, இப்போது அவர்களே உண்டாக்கிவிட்டார்கள்.

இதற்குப் பிறகு ஜியோஜீப்ராவில் பட்டையைச் சுருக்கிக் காட்டினால் அருமையாகப் பதிகிறது. முதலிலேயே காட்டினால் அப்படிப் பதிவதில்லை. நகர்த்தும் பொத்தான் ஒரு நேரத்தில் ஒரு எப்சிலானைத்தான் காட்டும். வரையறை கேட்பதோ எல்லா எப்சிலானுக்கும் பொருந்தும் பதிலை. அந்த "எல்லா" எந்தத் திரையிலும் தெரியாது. எதிராளி எதைக் கொடுத்தாலும் சமாளிப்பேன் என்ற உத்தியாக, மனத்தில்தான் அதைப் பிடிக்க முடியும்.

நிரூபணமே ஆட்டமானால்

இதுவரை சொன்ன விளையாட்டுகள் நிரூபணத்தின் வாசல் வரை கொண்டுவந்து விடுகிறவை. நிரூபணத்தையே ஆட்டமாக்கியது ஒன்று உண்டு. லியோனார்டோ டி மோரா 2013இல் தொடங்கிய லீன் என்ற மென்பொருள், கணித நிரூபணங்களை வரி வரியாகச் சரிபார்க்கும். அதைக் கொண்டு லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கெவின் பஸார்டும் முகம்மது பெட்ராம்ஃபாரும் 2019இல் இயல் எண் விளையாட்டை உருவாக்கினார்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் ஆடலாம்.

தொடக்கத்தில் கையில் இருப்பவை மிகக் குறைவு. 0 என்ற எண். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு "அடுத்தது". கூட்டலுக்கு இரண்டே விதி: அ + 0 = அ; அ + (ஆவின் அடுத்தது) = (அ + ஆ)வின் அடுத்தது. கூட்டல் உலகத்தின் முதல் கட்டம்: 0 + அ = அ என்று நிறுவு. மாணவர்கள் சிரிப்பார்கள். இதிலென்ன நிறுவ இருக்கிறது? தட்டிப் பார்த்தால் இயந்திரம் ஏற்காது. 0 வலப்பக்கம் இருந்தால் என்ன என்றுதான் விதி சொல்கிறது, இடப்பக்கம் இருந்தால் என்ன என்று சொல்லவில்லை. கணிதத் தொகுத்தறிதலைக் கையில் எடுத்தாக வேண்டும். அ என்பது 0 ஆனால் முதல் விதியே போதும். 0 + அ = அ என்று வைத்துக்கொண்டால், 0 + (அவின் அடுத்தது) என்பது இரண்டாம் விதிப்படி (0 + அ)வின் அடுத்தது, அதாவது அவின் அடுத்தது. தீர்ந்தது. நிறுவியதும் அது மாணவரின் கருவிப்பட்டியலில் சேர்ந்துகொள்ளும். இப்படியே போய் அ + ஆ = ஆ + அ என்பதை நிறுவும்போது, பிறந்ததிலிருந்து நம்பிய ஒன்றை முதன்முறையாக அறிந்துகொண்ட முகங்களைப் பார்க்கலாம்.

இந்த ஆட்டத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். "தெளிவாகத் தெரிகிறது" என்று எழுதித் தப்பிக்க இயந்திரம் விடாது. எந்த விதியைப் பயன்படுத்தினாய் என்று பெயர் சொல்லிக் கேட்கும். ராத்திரி பதினோரு மணிக்கும் அலுக்காமல் கேட்கும்; அறுபது பேர் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் அப்படி உட்கார என்னால் முடியாது. பெரிய ஆய்வாளர்களுக்கும் இந்தக் கருவி பயன்படுகிறது. 2018இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற பீட்டர் ஷோல்சே, தன் தேற்றம் ஒன்றின் நிரூபணத்தைச் சரிபார்த்துத் தரும்படி 2020 டிசம்பரில் லீன் குழுவினருக்குச் சவால் விட்டார். 2022இல் அந்த வேலை முடிந்தது. சரிபார்த்தது இயந்திரம், காரணத்தைக் கொடுத்தவர்கள் மனிதர்கள்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கூட்டல் உலகத்தை ஒரே மாலையில் முடித்துவிட்டு வந்த மாணவியிடம், கடைசிக் கட்டத்தை வெள்ளைத்தாளில் எழுதச் சொன்னேன். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. மாற்றி எழுதும் கட்டளையை இங்கே போட்டுப் பார்த்து, அங்கே போட்டுப் பார்த்து, இலக்கு மறைந்ததும் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறாள். இயந்திரம் சரி என்று சொன்னது உண்மை. ஏன் சரி என்பது அவளிடம் இல்லை. அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு விதி: திரையில் வென்ற ஒவ்வொரு கட்டத்தையும் திரையைப் பார்க்காமல் முழு வாக்கியங்களாக நோட்டில் எழுத வேண்டும், எழுதியதைப் பக்கத்தில் இருப்பவர் திருத்த வேண்டும். அதே மாணவி அந்த விதிப்படி இரண்டாம் முறை ஆடி, பிற்பாடு குலங்கள் பற்றிய பாடத்தில் எழுதிய நிரூபணங்கள் என் வகுப்பிலேயே மிகச் சுத்தமானவை. ஒவ்வொரு வரிக்கும் காரணம் பக்கத்தில் இருந்தது.

தூக்கிக்கொண்டு திரிய ஒரு கணக்கு

ஆப்களின் அமைப்பில் எனக்குத் தீராத ஒரு மனத்தாங்கல் உண்டு. ஐந்து நிமிடத்தில் ஒரு வெற்றி, பத்து நிமிடத்தில் ஒரு பதக்கம், தினமும் வந்தால் தொடர் எண்ணிக்கை என்று பழக்குகின்றன. திணறினால் உடனே குறிப்பு. உயர்கணிதத்தில் ஒரு கணக்கோடு இரண்டு நாள், ஒரு வாரம் இருக்க வேண்டியிருக்கும். பஸ்ஸில் வரும்போது, தூங்கப் போகும்போது அது மண்டைக்குள் ஓட வேண்டும். ஒன்றும் நகராத அந்த நேரத்தில்தான் பிடிபடாத இடம் எது என்று தெரியவருகிறது. ரியல் அனாலிசிஸ் பாடத்துக்கான ருடினின் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை ஆகும். வரிகளுக்கு இடையில் அவர் விட்டுவைத்த படிகளை நாமே நிரப்ப வேண்டும். அந்த நிரப்பும் வேலையை எந்த ஆப்பும் தருவதை நான் பார்த்ததில்லை. படம் பிடித்தால் எல்லாப் படிகளையும் போட்டுத் தரும் ஆப்கள் அந்த வேலையையே மாணவரிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன. பிளஸ் டூ தொகையீட்டைச் சரிபார்க்க அவை உதவலாம். தேற்றம் படிக்கும் பிள்ளைக்கு அவற்றால் நஷ்டம்தான்.

எனவே என் வகுப்பில் வரிசை இப்படி: புதிய கருத்துக்குள் நுழைய விளையாட்டு. அது பிடித்துக்கொண்டதும் போன் பைக்குள் போகும். பிறகு போர்டு, நோட்டு, வாய்விட்டுச் சொல்லும் விவாதம். வாரத்துக்கு ஒரு கணக்கு, உடனே தீராதது, தூக்கிக்கொண்டு திரிவதற்கு. கடைசியில் மறுபடி திரைக்குப் போகலாம். இப்போது அது சரிபார்க்கும் கருவி. முதலில் நட்சத்திரத்துக்காக ஆடியவர்கள், திரும்பப் போகும்போது நட்சத்திரம் வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆடுவார்கள்.

நிறுவுக அல்லது மறுக்க

இத்தனை சொன்ன பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. செமஸ்டர் கேள்வித்தாள் புக் ஒர்க்கைத்தான் கேட்கும் என்றால், நான் என்ன விளையாட்டு காட்டினாலும் பிள்ளைகள் தேர்வுக்கு முந்தைய வாரம் நோட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மார்க் எங்கே இருக்கிறதோ அங்கே உழைப்பு போகும். மாற வேண்டியது கேள்வி.

என் கையில் இருப்பது இன்டர்னல் தேர்வு. அதில் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியை "நிறுவுக அல்லது மறுக்க" என்று வைக்கிறேன். உதாரணத்துக்கு ஒன்று: ஒரு புள்ளியில் தொடர்ச்சியில்லாத இரண்டு சார்புகளைக் கூட்டினால், கிடைப்பதும் அங்கே தொடர்ச்சியில்லாததாகத்தான் இருக்கும். உண்மையா பொய்யா என்று கேள்வி சொல்லாது. மனப்பாடத்தில் இதற்கு இடமில்லை. வென்றாய் என்று சொல்ல நட்சத்திரமும் இல்லை. மாணவர் முதலில் உண்மை என்று நினைத்து நிறுவப் பார்ப்பார். ஒரு வரி ஓடாது. ஏன் ஓடவில்லை என்று பார்ப்பார். 0க்கு இடப்பக்கம் 0, மற்ற இடங்களில் 1 என்று குதிக்கும் சார்பை எடுத்து, அதன் எதிர்க்குறிச் சார்பைக் கூட்டினால் எங்கும் 0. குதிப்பு காணாமல் போய்விடுகிறது. பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதுபோல் அடிக்கோடு இடுவார்கள் சிலர்.

முதல் தேர்வில் இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். மூன்றாம் தேர்வு வரும்போது முதலில் இதைத்தான் தொடுகிறார்கள். "இதுக்கு மட்டும்தான் மேடம் யோசிக்க வேண்டியிருக்கு" என்றாள் ஒருத்தி. இந்த வகைக் கேள்வி செமஸ்டர் தாளில் கால்பங்கு இடமாவது பெற வேண்டும் என்பது என் கோரிக்கை. அப்படி வந்தால், எந்த ஆப்பை வைத்துக்கொள்வது, எந்தக் கைடைத் தூக்கிப் போடுவது என்று நாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தானே தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலையில் நிற்கும் மாணவருக்கு, தனக்கு உதவுவது எது, தன்னை ஏய்ப்பது எது என்று சீக்கிரமே தெரிந்துவிடும்.